"எல்லாமே தண்ணி"ன்னு சொன்னவர்கிட்ட சயின்ஸ் எங்க இருக்கு?

கேள்வி இதுதான். தேலீஸ்னு ஒரு கிரேக்கர் "எல்லாமே தண்ணிதான்"னு சொன்னாராம், அது தப்புன்னு ஸ்கூல் பையனுக்கே தெரியும், அப்புறம் எதுக்கு அவர்ல இருந்துதான் மேற்கத்திய அறிவியல் ஆரம்பிச்சுதுன்னு எல்லா புத்தகத்துலயும் போடறாங்க? அவருக்கு ஆயிரம் வருஷம் முன்னாடியே பாபிலோன்லயும் எகிப்துலயும் கணக்கு இருந்துச்சு, வானியல் இருந்துச்சு, மருத்துவம் இருந்துச்சு. அப்போ இது வெள்ளைக்காரங்க தங்களுக்கு ஒரு தாத்தாவைத் தேடிக்கிட்ட கதையா?

பாதி அப்படித்தான். மீதிப் பாதி என்னன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும்.

முதல்ல பாபிலோன் விஷயத்தை ஒத்துக்கிட்டுத் தொடங்கலாம், ஏன்னா அங்க தேலீஸ் பக்கத்துல கூட வர முடியாது. ப்ளிம்ப்டன் 322ன்னு ஒரு களிமண் பலகை இருக்கு, கி.மு. 1800 வாக்குல எழுதினது, அதுல பிதாகரஸ் தேற்றத்துக்குப் பொருந்துற எண்கள் வரிசையா இருக்கு, பிதாகரஸ் பொறக்கறதுக்கு ஆயிரத்து இருநூறு வருஷம் முன்னாடி. வெள்ளிக் கிரகம் எப்போ மறையுது எப்போ திரும்பத் தெரியுதுன்னு 21 வருஷத்துக்கான பதிவு இருக்கு. கி.மு. ஏழாம் நூற்றாண்டுல இருந்து ராத்திரி ராத்திரி வானத்தைப் பார்த்து எழுதி வச்ச டைரி மாதிரி பலகைகளே கிடைச்சிருக்கு, அதுல சந்திரன் எங்க இருந்துச்சுங்கறதோட சேர்த்து அந்த மாசம் பார்லி விலை என்ன, ஆத்துல தண்ணி எவ்வளவுங்கறது வரைக்கும் இருக்கும். எகிப்துல ரிண்ட் பாப்பிரஸ்ங்கற நாணல் தாள் சுருள்ல பின்னக் கணக்கு இருக்கு. எட்வின் ஸ்மித் பாப்பிரஸ்ல மண்டையில அடிபட்டவனை எப்படித் தொட்டுப் பார்க்கணும், எதுக்கு வைத்தியம் பண்ணலாம், எது கை வைக்கக் கூடாத கேஸ்னு வரிசையா இருக்கு. இதெல்லாம் இல்லாம அறிவியல் வரலாறு எழுதினா அது பொய்.

அப்போ கிரேக்கத்துல புதுசா என்ன? என் கணக்குல புதுசு பதில்கள் இல்ல, பதில்கள் முக்காவாசி தப்பு. புதுசு என்னன்னா, ஒருத்தன் ஒரு விளக்கம் சொல்றான், அதே ஊர்ல அவனுக்கு அடுத்து வந்தவன் "இல்ல, உங்க விளக்கத்துல இந்த இடத்துல ஓட்டை இருக்கு"ன்னு காரணம் சொல்லி அதைத் தள்ளிட்டு வேற ஒண்ணு வைக்கறான், அவனை அடுத்தவன் தள்றான், யாரும் யாரையும் ஊரை விட்டு விரட்டல. இதைப் பெரிசா எடுத்துச் சொன்னவர் கார்ல் பாப்பர்ங்கற தத்துவவாதி, 1958ல ஒரு உரையில. அவர் கொஞ்சம் ஓவரா அழகாக்கிட்டார்ங்கறது என் அபிப்ராயம், அதுக்கு அப்புறம் வர்றேன். ஆனா அடிப்படை விஷயம் சரிதான்.

ஊரைச் சொல்லணும். மிலேட்டஸ். "கிரேக்கம்"னு சொன்னதும் எல்லாருக்கும் ஏதென்ஸ்தான் கண்ணுல வரும், ஆனா இது இன்னிக்கு துருக்கியோட மேற்குக் கரையில இருக்கு, அதாவது ஆசியாவுல. அப்போ பெரிய துறைமுகம், கருங்கடல் சுத்தி நிறைய குடியேற்றங்கள் வச்சிருந்த ஊர், எகிப்துல நௌக்ராட்டிஸ்ங்கற வியாபார ஊர்ல மிலேட்டஸ்காரங்களுக்குத் தனிக் கோயிலே இருந்துச்சு, பக்கத்துல லிடியா ராஜ்ஜியம், நாணயம் அடிக்கறது அங்கதான் தொடங்குச்சு. இன்னிக்குப் போனா கடல் கிடையாது. மியாண்டர் ஆறு கொண்டு வந்த வண்டல் துறைமுகத்தையே மூடிடுச்சு, கடல் பல கிலோமீட்டர் தள்ளிப் போயிடுச்சு, அன்னிக்குக் கடல்ல தீவா இருந்த லாடே இன்னிக்கு வயலுக்கு நடுவுல ஒரு மேடு.

தேலீஸ் பத்தி வேகமா சொல்லிடறேன், ஏன்னா அவர் கையால எழுதினதுன்னு ஒண்ணும் இல்ல. கி.மு. 585ல சூரிய கிரகணத்தை முன்கூட்டியே சொன்னார்னு பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ் எழுதறார், லிடியாவும் இன்னிக்கு ஈரான் இருக்கற பக்கத்து மீடியா ராஜ்ஜியமும் சண்டை போட்டுட்டு இருந்தப்ப பகல் இருட்டாச்சு, ரெண்டு பக்கமும் பயந்து சமாதானம் ஆயிட்டாங்கன்னு. மே 28ம் தேதின்னு இன்னிக்கு வானியல் கணக்கு வச்சு சொல்றாங்க. கிரகணம் நடந்தது சரி, ஆனா தேலீஸ் முன்கூட்டி சொன்னார்ங்கறதை நான் நம்பல. ஒரு குறிப்பிட்ட இடத்துல சூரிய கிரகணம் தெரியுமாங்கறதை அந்தக் காலத்துல பாபிலோன்காரங்களாலயே சொல்ல முடியாது, "இந்தச் சமயத்துல வர வாய்ப்பிருக்கு"ங்கற அளவுக்குத்தான் முடியும். ஹெரடோட்டஸே அவர் வருஷத்தைத்தான் சொன்னார்னு எழுதறார், நாளைச் சொல்லல.

"எல்லாம் தண்ணி"ங்கறதும் நமக்கு அரிஸ்டாட்டில் வழியா வருது, அவர் தேலீஸுக்கு இருநூறு வருஷம் பின்னாடி. ஆனா தேலீஸ் பேர்ல ஒரு சின்ன விஷயம் இருக்கு, அதைத்தான் நான் முக்கியமா நினைக்கறேன். பூமி தண்ணி மேல மிதக்குது, தண்ணி ஆடும்போது பூமியும் ஆடுது, அதுதான் நிலநடுக்கம்னு அவர் சொன்னதா ரோமானிய எழுத்தாளர் செனெக்கா எழுதறார். அந்தக் காலத்து கிரேக்கனைக் கேட்டா நிலநடுக்கம் கடல் தெய்வம் பொசைடன் பண்றது, அவருக்குப் பட்டப் பேரே நிலத்தை உலுக்குறவர். தேலீஸ் சொன்னதுல யாருக்கும் கோவம் வரல, யாருக்கும் பூஜை தேவையில்ல. தப்பான பதில்தான், ஆனா வாதம் பண்ணக் கூடிய பதில். பொசைடன் கோவமா இருக்கார்னு ஒருத்தர் சொன்னா அதுக்கு நீங்க என்ன பதில் சொல்லுவீங்க? பூமி தண்ணியில மிதக்குதுன்னா உடனே கேக்கலாம், அப்போ தண்ணி எது மேல இருக்கு?

இந்தக் கேள்வியை அரிஸ்டாட்டில் பின்னாடி கேக்கறார். ஆனா அதுக்கு முன்னாடியே அதே ஊர்ல, தேலீஸோட அடுத்த ஆள் அனாக்சிமாண்டர் அதைத் தாண்டிப் போயிட்டார். எனக்கு இந்த மொத்தக் கூட்டத்துலயும் பிடிச்ச ஆள் இவர்தான். பூமி எது மேலயும் இல்ல, சும்மா நடுவுல நிக்குதுன்னார். ஏன் விழாது? எல்லாப் பக்கமும் ஒரே தூரம், மேல போறதுக்கோ கீழ போறதுக்கோ பக்கவாட்டுல போறதுக்கோ ஒரு பக்கத்துக்குக் கூடுதல் காரணம் இல்ல, அதனால நிக்குது. ஒரு நிமிஷம் இதை யோசிச்சுப் பாருங்க. கண்ணுக்குத் தெரியறது எல்லாம் கீழ விழுது, கையில இருக்கற கல்லை விட்டா விழுது, அப்படி இருக்கறப்ப இவ்வளவு பெரிய பூமி மட்டும் பிடிமானம் இல்லாம நிக்குதுன்னு சொல்றதுக்கு எவ்வளவு தைரியம் வேணும். அதுவும் யாரோ காதுல சொன்னாங்கன்னு சொல்லல, காரணம் சொல்றார், "ஒரு பக்கம் சாயறதுக்குக் காரணம் இல்லேன்னா சாயாது"ங்கற மாதிரியான காரணம். இன்னிக்கும் இயற்பியல்ல சமச்சீர் வாதம்னு இதே மாதிரி யோசிக்கறாங்க.

அவரும் எல்லாத்தையும் சரியா சொல்லிடலைங்க. பூமி உருண்டைன்னு சொல்லல, தூண்ல இருந்து வெட்டின துண்டு மாதிரி உருளைன்னார், உயரம் அகலத்துல மூணுல ஒரு பங்குன்னு அளவு வேற. சூரியன்ங்கறது நெருப்பு நிரம்பின ஒரு பெரிய வளையம், அதுல ஒரு ஓட்டை, நமக்குத் தெரியறது அந்த ஓட்டை மட்டும்தான், ஓட்டை அடைச்சுக்கிட்டா கிரகணம்னார். நட்சத்திரம் எல்லாம் சந்திரனை விடக் கிட்டக்க இருக்குன்னார். ஆனா கவனிங்க, தப்பா இருந்தாலும் இது ஒரு மெக்கானிசம், இதுல பாம்பு வந்து முழுங்கல.

அரிஸ்டாட்டில் இவரையும் விடல. அந்த லாஜிக் படி பார்த்தா, பசியும் தாகமும் ஒரே அளவுல இருக்கற ஒருத்தன் முன்னாடி சோத்தையும் தண்ணியையும் சம தூரத்துல வச்சா அவன் நகராம நின்னு செத்துடுவான்னு கிண்டல் பண்றார். சரியான நக்கல், ஆனா இங்க அனாக்சிமாண்டர்தான் ஜெயிச்சார்னு நான் சொல்லுவேன்.

மனுஷன் எப்படி வந்தான்ங்கறதுக்கும் அவர்கிட்ட வாதம் இருந்துச்சு. மத்த மிருகக் குட்டிகள் சீக்கிரமே தானா தீனி தேடிக்குது, மனுஷக் குழந்தைக்கு மட்டும் ரொம்ப நாள் பால் கொடுத்துப் பார்த்துக்கணும், அப்போ முதல்முதலா வந்த மனுஷன் இப்பிடியே குழந்தையா வந்திருந்தா பிழைச்சிருக்க மாட்டான், அதனால முதல்ல மீன் மாதிரி ஏதோ ஒண்ணுக்குள்ள வளர்ந்து, தனியா நிக்கற பக்குவம் வந்ததும் வெளியே வந்திருக்கணும்னார். இதைப் பார்த்துட்டு "டார்வினுக்கு முன்னாடியே பரிணாமம் சொன்னார்"னு சிலர் போஸ்டர் அடிக்கறாங்க, அது இல்ல. இயற்கைத் தேர்வும் இல்ல, இனம் மாறறதும் இல்ல. ஆனா ஒரு நிஜமான பிரச்சனையைக் கண்டுபிடிச்சிருக்கார், யாரும் பார்த்துக்க இல்லாத முதல் குழந்தை எப்படி உயிரோட இருந்திருக்கும்ங்கற பிரச்சனை.

மூணாவது ஆள் அனாக்சிமினிஸ், அதே மிலேட்டஸ். இவர் பூமியை மறுபடி தட்டையாக்கி காத்து மேல மிதக்க விட்டுட்டார், அதாவது ஒரு படி பின்னாடி. ஆனா இன்னொரு விஷயத்துல முன்னாடி போனார். எல்லாமே காத்துன்னா ஒரே காத்து எப்படி கல்லாவும் தண்ணியாவும் நெருப்பாவும் ஆகும்? அடர்த்தி மாறறதாலன்னார், நெருக்கினா மேகம், தண்ணி, மண், கல், தளர்த்தினா நெருப்பு. அளவு மாறினா குணம் மாறும்ங்கற ஐடியா இங்கதான் முதல்ல தெளிவா வருது. அதுக்கு ஒரு ஆதாரமும் கொடுத்தார், இதை இப்பவே பண்ணிப் பாருங்க. உள்ளங்கையை வாய்க்கு முன்னாடி வச்சுக்கிட்டு உதட்டைக் குவிச்சு ஊதுங்க, காத்து ஜில்லுன்னு வரும். இப்போ வாயை நல்லா திறந்து "ஹா"ன்னு விடுங்க, வெதுவெதுன்னு வரும். பார்த்தீங்களா, நெருக்கின காத்து குளிருது, தளர்ந்த காத்து சுடுதுன்னார்.

முடிவு தப்பு. காத்தை அமுக்கினா சூடாகும், சைக்கிளுக்கு பம்ப் அடிச்சவங்களுக்குத் தெரியும். ஆனா கதை இங்க முடியல. அரிஸ்டாட்டில் இதுக்குச் சொன்ன பதிலைப் பின்னாடி வந்த கிரேக்க எழுத்தாளர் ப்ளூட்டார்க் குறிச்சு வச்சிருக்கார்: வாயைத் திறந்து விடும்போது நம்ம உள்ள இருந்து வர்ற சூடான காத்து மேல படுது, குவிச்சு ஊதும்போது வாய்க்கு முன்னாடி வெளியில இருக்கற குளிர்ந்த காத்துதான் தள்ளப்பட்டு வந்து படுது. இது கிட்டத்தட்ட சரி, குறுகலா வேகமா வர்ற காத்து சுத்தி இருக்கற காத்தையும் சேர்த்து இழுத்துக்கிட்டு வருது, கையில இருக்கற ஈரமும் சீக்கிரம் ஆவியாகுது. ஒரு ஆள் ஒரு கருத்து சொன்னான், அதுக்கு யார் வேணாலும் பண்ணிப் பார்க்கக் கூடிய ஒரு சோதனையைக் காட்டினான், இருநூறு வருஷம் கழிச்சு இன்னொருத்தன் அதே சோதனையை எடுத்து அதுக்கு வேற விளக்கம் இருக்குன்னு காட்டினான். சயின்ஸ் எங்க இருக்குன்னு கேட்டீங்கல்ல, இங்கதான் இருக்கு.

கி.மு. 494ல பாரசீகப் படை மிலேட்டஸை அழிச்சுது. அதுக்குள்ள இந்த மாதிரி பேசற பழக்கம் வேற ஊர்களுக்குப் பரவிடுச்சு, ஊர்ல இருந்து கிளம்பினவங்க இத்தாலி, சிசிலி பக்கம் போய் உக்காந்துட்டாங்க. செனோஃபனிஸ் அப்படி ஒருத்தர், கொலோஃபோன்காரர், நாடோடியா சுத்திக்கிட்டுப் பாட்டுக் கட்டினவர். மாட்டுக்கும் குதிரைக்கும் கை இருந்தா அதுங்களும் மாடு மாதிரி, குதிரை மாதிரி சாமி படம் வரையும்னு சொன்னது இவர்தான், நம்ம பகுத்தறிவு மேடைகள்ல கேட்ட மாதிரி இருக்குல்ல. எல்லாரும் அதை மட்டும் பிடிச்சுக்கறாங்க. எனக்கு அதை விட முக்கியமாத் தெரியறது அவர் கல்லைப் பார்த்தது. மலை மேல, கடலுக்கு ரொம்ப உள்ள தள்ளி, கிளிஞ்சல் கிடக்குது, சிரக்யூஸ் கல் குவாரியில மீனோட, கடல்பாசியோட அச்சு இருக்கு, பாரோஸ் தீவுல பாறைக்குள்ள ஆழத்துல இலை அச்சு, மால்டாவுலயும் கடல் சமாச்சாரங்கள். அப்போ இந்த நிலம் எல்லாம் ஒரு காலத்துல சேறா கடலுக்கு அடியில இருந்திருக்கணும், அச்சு சேத்துல விழுந்து அப்புறம் காஞ்சிருக்கணும்னார். ஒரு ஊர்ல பார்த்ததை வச்சு சொல்லல, மூணு நாலு ஊர்ல இருந்து ஆதாரம் சேர்த்து ஒரே விளக்கம். இன்னிக்கு ஒரு ஜியாலஜி மாணவர் இதே மாதிரி எழுதினா மார்க் போடலாம். இவரே இன்னொன்னும் சொன்னார், தெய்வங்கள் ஆரம்பத்துலயே எல்லாத்தையும் மனுஷனுக்குக் காட்டிடல, தேடித் தேடித்தான் போகப் போக நல்லபடியா கண்டுபிடிக்கறோம்னு.

நடுவுல ஒரு பெரிய முட்டுக்கட்டை வந்துச்சு, பார்மினைடிஸ். தெற்கு இத்தாலியில எலியாங்கற ஊர். இல்லாததுல இருந்து எதுவும் வர முடியாது, இருக்கறது இல்லாமப் போக முடியாது, அதனால மாற்றம்ங்கறதே பொய், கண்ணு பார்க்கறது எல்லாம் ஏமாத்துன்னு கறாரா வாதம் பண்ணார். கேக்கறதுக்குப் பைத்தியக்காரத்தனம் மாதிரி இருக்கும், ஆனா அந்த வாதத்தை உடைக்கறது லேசு இல்ல. அதுக்கு அடுத்த ஐம்பது அறுபது வருஷம் எல்லாரும் இதுக்குத்தான் பதில் சொல்லிட்டிருந்தாங்க. எம்பிடோக்ளிஸ் சொன்னார், நாலு மூலப் பொருள் எப்பவும் இருக்கு, அதுங்க சேர்றதும் பிரியறதும்தான் மாற்றம். லியூசிப்பஸும், அப்டெராங்கற ஊர்க்காரர் டெமாக்ரிட்டஸும் இன்னும் துணிஞ்சு வெற்றிடம்னு ஒண்ணு இருக்குன்னு ஒத்துக்கிட்டாங்க: உடைக்க முடியாத சின்னச் சின்ன அணுக்கள், அதுங்களுக்கு நடுவுல ஒண்ணுமே இல்லாத இடம், இனிப்பு கசப்பு கலர் எல்லாம் நாம வச்சுக்கிட்ட பழக்கம், நிஜத்துல இருக்கறது அணுவும் வெற்றிடமும்தான். உடனே டெமாக்ரிட்டஸே புலன்களைப் பேச விட்டு தன்னையே மடக்கறார், "ஏ மனசே, எங்ககிட்டதான ஆதாரம் வாங்கிக்கிட்ட, இப்ப எங்களையே கவுக்கறியா"ன்னு. தன் தியரிக்கு எதிரான வலுவான வாதத்தைத் தானே எழுதி வைக்கற ஆளை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இந்த அணுவுக்கும் இன்னிக்கு லேப்ல பார்க்கற அணுவுக்கும் நேரடி சம்பந்தம் இல்லங்கறதை மட்டும் சொல்லிடறேன், பேர் மட்டும்தான் வந்துச்சு. அவங்க அதை எடை போட்டுக் கண்டுபிடிக்கல, பார்மினைடிஸுக்குப் பதில் சொல்லணும்னு வாதத்துல பிடிச்சது.

எம்பிடோக்ளிஸ் பத்தி இன்னொரு விஷயம். கிரேக்க வீட்டுல பானையில இருந்து ஒயினோ தண்ணியோ மொள்றதுக்கு ஒரு பாத்திரம் உண்டு, கீழ சின்னச் சின்ன ஓட்டை, மேல குறுகலான ஒரு வாய். மேல் வாயைக் கையால மூடிக்கிட்டு தண்ணியில அமுக்கினா தண்ணி உள்ள ஏறாது, கையை எடுத்தா ஏறும். ரொம்பினதும் மறுபடி மூடிக்கிட்டு தூக்கினா கீழ ஓட்டை இருந்தும் ஒழுகாது. ஒரு சின்னப் பொண்ணு இதை வச்சு விளையாடறதை அவர் பாட்டுல வர்ணிச்சு, மூச்சு எப்படி உள்ள போய் வருதுன்னு விளக்கப் பார்க்கறார். மூச்சைப் பத்தின விளக்கம் தேறாது. ஆனா கண்ணுக்குத் தெரியாத காத்து ஒரு பொருள், அது இடத்தை அடைச்சுக்கிட்டு இருக்கும், தண்ணியைத் தடுத்து நிறுத்தும்ங்கறதை ஒரு சமையலறைச் சாமான் வச்சுப் பிடிச்சுட்டார். இதை எம்பிடோக்ளிஸோட பரிசோதனைன்னு சில புத்தகத்துல எழுதறாங்க, அது அதிகம், அவர் ஒரு கேள்வியை வச்சுக்கிட்டு வேணும்னே ஏற்பாடு பண்ணது இல்ல, பார்த்ததைப் பயன்படுத்திக்கிட்டது.

சரி, இவங்க எல்லாரையும் விட எனக்கு "இது சயின்ஸ்தான்"னு கை வச்சுச் சொல்ல முடியறது தத்துவவாதிங்ககிட்ட இல்ல, ஒரு டாக்டர்கிட்ட. ஹிப்போக்ரட்டிஸ் பேர்ல சேர்த்து வச்சிருக்கற நூல்கள்ல வலிப்பு நோயைப் பத்தி ஒண்ணு இருக்கு, கி.மு. 400 வாக்குல எழுதினது, யார் எழுதினதுன்னு பேர் கிடையாது. அப்போ வலிப்புக்குப் பேரே புனித நோய். அந்த ஆள் எடுத்த எடுப்புலயே சொல்றார், இது மத்த நோயை விடப் புனிதமும் இல்ல ஒண்ணும் இல்ல, இதுக்கும் இயற்கையான காரணம் இருக்கு, புரியலங்கறதால சாமி மேல போட்டுட்டாங்க. அப்புறம் மந்திரவாதிங்களைப் பிடிச்சு உலுக்கறார். நோயாளி ஆடு மாதிரி கத்தினா இந்த தெய்வம், குதிரை மாதிரி கத்தினா பொசைடன்னு லிஸ்ட் வச்சிருக்காங்க, பிழைச்சா தங்களாலன்னு பேர் வாங்கிக்கறாங்க, செத்துட்டா தெய்வச் செயல்னு கையைக் கழுவிக்கறாங்க. ஆட்டுக்கறி சாப்பிடாதே, ஆட்டுத்தோல் மேல படுக்காதேன்னு விதி போடறாங்களே, லிபியாவுல உள்நாட்டுல இருக்கறவங்க ஆட்டுத்தோல்லதான் படுக்கறாங்க, ஆட்டுக்கறிதான் சாப்பிடறாங்க, அப்போ அங்க ஒருத்தர் கூட ஆரோக்கியமா இருக்கக் கூடாதேன்னு கேக்கறார். ஒரு கருத்து உண்மையா இருந்தா உலகத்துல வேற என்ன நடந்திருக்கணும்னு கேட்டு மடக்கறது இது.

அதோட நிக்கல. ஆட்டுக்கும் இந்த நோய் வருது, அப்படி வந்த ஆட்டோட தலையை வெட்டிப் பாருங்க, மூளை ஈரமா, நீர் கோத்து, நாத்தம் அடிச்சுக்கிட்டு இருக்கும், அப்போ உடம்பைக் கெடுக்கறது தெய்வம் இல்ல, நோய்னு தெரியும்ங்கறார். அவரோட சொந்த விளக்கம், மூளையில இருந்து சளி இறங்கி காத்து போற குழாயை அடைக்குதுங்கறது, அது இன்னிக்கு நிக்காது. ஆனா வெட்டிப் பாருன்னு சொல்றாரே, அது போதும் எனக்கு. வலிப்பு வந்தா கையில இரும்பைக் கொடு, கோயிலுக்குக் கூட்டிட்டுப் போன்னு இன்னிக்கும் சொல்ற ஆட்கள் இருக்கற நாட்டுல உக்காந்து இதைப் படிச்சா வேற மாதிரி இருக்கும்.

எல்லாரும் இதைக் கை தட்டி வரவேத்தாங்கன்னு நினைக்காதீங்க. அனாக்சகோரஸ் சூரியன் பழுக்கக் காஞ்ச கல்லு, கிரேக்கத்தோட தெற்குப் பகுதியான பெலொப்பொனீஸை விடப் பெரிசுன்னார், சந்திரனுக்கு வெளிச்சம் சூரியன்கிட்ட இருந்து வருதுன்னார், கிரகணத்துக்கு சரியான காரணம் சொன்னார். கி.மு. 467 வாக்குல ஈகோஸ்பொட்டமிங்கற இடத்துல, அவர் சொன்னதுக்கு ஏத்த மாதிரி, வானத்துல இருந்து ஒரு பெரிய கல்லு வேற விழுந்துச்சு. ஏதென்ஸ்ல அவர் மேல தெய்வ நிந்தனை கேஸ் போட்டாங்க, லாம்ப்சகஸ்ங்கற ஊருக்குப் போய் அங்கயே கடைசிக் காலத்தைக் கழிச்சார். பாப்பர் அழகாக்கிட்டார்னு சொன்னேன்ல, இது ஒரு காரணம். இன்னொன்னு, பிதாகரஸ் கூட்டம் முழுக்க வேற மாதிரி, குரு சொன்னா சொன்னதுதான், ரகசியம், விதிமுறை, பீன்ஸ் சாப்பிடக் கூடாது. மூணாவது, மிலேட்டஸ்காரங்க நமக்கு வர்றதே அரிஸ்டாட்டில் வெட்டித் தச்ச சட்டையிலதான், அவரோட தத்துவத்துக்கு முன்னோடிகள்னு வரிசைப்படுத்தி வச்சது அவர். பார்மினைடிஸ் பாட்டுல பெரும்பகுதி நமக்குக் கிடைச்சதுக்குக் காரணம் ஆயிரம் வருஷம் கழிச்சு, கி.பி. 6ம் நூற்றாண்டுல, சிம்ப்ளிசியஸ்ங்கறவர் "இந்த நூல் இப்போ கிடைக்கறதே இல்ல"ன்னு சொல்லி நீளமா எடுத்து எழுதி வச்சது. அனாக்சிமாண்டரோட சொந்த வாக்கியம்னு நம்மகிட்ட இருக்கற ஒண்ணே ஒண்ணும் அவர் வழியாத்தான்.

ஏன் அங்க மட்டும் இந்தப் பழக்கம் வந்துச்சு? "கிரேக்க மூளை"ன்னு எல்லாம் பேசறதை நான் காதுல வாங்கறதில்ல. ஆராய்ச்சியாளர்கள் சொல்றதுல எனக்கு நம்பகமாத் தெரியறது அரசியல் காரணம். பெரிய ராஜா கிடையாது, சின்னச் சின்ன ஊர், ஒவ்வொண்ணுக்கும் தனிச் சட்டம், சட்டத்தைக் கல்லுல வெட்டி எல்லாரும் பார்க்கற மாதிரி வச்சாங்க. கிரீட்ல ட்ரீரோஸ்ங்கற ஊர்ல கி.மு. 650 வாக்குல வெட்டின ஒரு சட்டம், ஒரு தடவை தலைமைப் பதவியில இருந்தவன் பத்து வருஷத்துக்குத் திரும்ப அந்தப் பதவிக்கு வரக் கூடாதுங்குது. சபையில நின்னு எதிராளியைக் காரணம் கேட்டு மடக்கிப் பழகின ஆளுங்க, அதே வேலையை இடி மின்னல் பத்தியும் பண்ண ஆரம்பிச்சாங்க. பாபிலோன்ல வானம் பார்க்கறது ராஜாவுக்கும் கோயிலுக்கும் பண்ற வேலை, சகுனம் தப்பாப் போனா பிரச்சனை, அங்க வேணுங்கறது துல்லியம், வாதம் இல்ல. மிலேட்டஸ்காரருக்குத் துல்லியம் பத்திக் கவலையே இல்ல, அவர் தப்பா சொன்னா யாருக்கும் நஷ்டமும் இல்ல.

நம்ம பக்கம் இல்லையான்னு கேப்பீங்க. இருந்துச்சு. சாந்தோக்ய உபநிஷத்துல உத்தாலக ஆருணி தன் பையன் சுவேதகேதுவை 15 நாள் சாப்பாடு இல்லாம தண்ணி மட்டும் குடிக்கச் சொல்லிட்டு வேதம் ஒப்பின்னு கேப்பார், பையனுக்கு ஒண்ணும் ஞாபகம் வராது, சாப்பிட்டுட்டு வான்னு அனுப்புவார், வந்ததும் எல்லாம் ஞாபகம் வந்துடும், பார்த்தியா மனசு சோத்தால ஆனதுன்னுவார். கிட்டத்தட்ட அனாக்சிமினிஸ் காலத்தைச் சுத்தித்தான், இன்னும் சொல்லப் போனா சோதனைங்கற விஷயத்துல இது ஊதிப் பார்க்கறதை விட ஒரு படி மேல. மணிமேகலையில ஆசீவகர்ங்கற பழைய துறவி மரபுக்காரங்க சொல்ற அணுக் கொள்கை வருது. "முதல்" யாருங்கற போட்டியில எனக்கு ஆர்வம் இல்ல, நம்மகிட்டயும் வாதம் பண்ற மரபு பலமா இருந்துச்சுங்கறது மட்டும் உண்மை.

கடைசியா அந்த "மேற்கத்திய"ங்கற வார்த்தைக்கு வர்றேன். மேல சொன்ன கிரேக்கர்கள்கிட்ட இல்லாதது ரெண்டு, திட்டம் போட்டுப் பண்ற பரிசோதனை, அப்புறம் நல்ல எண்கள். விளக்கம் நிறைய இருந்துச்சு, டேட்டா இல்ல. பாபிலோன்ல டேட்டா குவிஞ்சு கிடந்துச்சு, ஆனா சந்திரன் ஏன் அப்படிப் போகுதுங்கறதுக்கு ஒரு வடிவம் போட்டுப் பார்க்கல. இது ரெண்டும் சேர்ந்தப்பதான் கணக்குப் போட்டு சரிபார்க்கக் கூடிய வானியல்னு ஒண்ணு முழுசா வருது, அது அலெக்சாண்டருக்கு அப்புறம், கி.மு. 2ம் நூற்றாண்டுல ஹிப்பார்க்கஸ்ங்கற கிரேக்க வானியலாளர் கையில. ஒரு அமாவாசையில இருந்து அடுத்த அமாவாசை வரைக்கும் சராசரியா 29 நாள் 12 மணி 44 நிமிஷம் மூணே கால் செகண்டுக்கு மேலன்னு ஒரு அளவு ஹிப்பார்க்கஸ் பேர்ல, பின்னாடி வந்த வானியலாளர் டாலமி எழுதி வச்சார், இன்னிக்கு அளவுக்கும் அதுக்கும் ஒரு செகண்ட் கூட வித்தியாசம் வராது. ரொம்ப காலம் எல்லாரும் அது ஹிப்பார்க்கஸோட சாதனைன்னுதான் நினைச்சுட்டு இருந்தாங்க. 1900ல குக்லர்ங்கற ஜெர்மன் பாதிரியார் பாபிலோன் களிமண் பலகைகளை உக்காந்து படிச்சப்ப அதே எண், கடைசி இலக்கம் வரைக்கும், பத்து பத்தா இல்லாம அறுபது அறுபதாப் பிரிச்சு எழுதற பின்னத்துல, அங்க இருந்துச்சு.